‘வேலை வைக்காத பிராணி’ என்னும் பொய்

வைட்ஃபீல்ட் அடுக்ககங்களில் செல்லப் பிராணி வாங்கும் பேச்சு வந்தால், ஃபெரெட்டுக்காக வாதாடுகிறவர்கள் சொல்வது இதுதான்: நாய் வளர்த்தால் காலையும் மாலையும் கீழே அழைத்துப் போக வேண்டும், குரைத்தால் குடியிருப்போர் சங்கத்தில் புகார் வரும். ஃபெரெட்டோ ஒரு கிலோ எடைதான். குரைக்காது. ஒரு நாளில் 14 முதல் 18 மணி நேரம் தூங்கும். மூலையில் ஒரு தட்டு வைத்தால் அதில் மலம் கழிக்கும். பூனைத் தீவனம் போட்டால் போதும். வெளியே போகாத பிராணி என்பதால் தடுப்பூசி அவசியமில்லை. பெங்களூரு குளிர்ந்த ஊர் என்பதால் வெயில் பயமும் இல்லை. ஐடிபிஎல் பக்கம் பத்து மணி நேரம் வேலை பார்த்துவிட்டு, நெரிசலில் ஊர்ந்து வீடு திரும்புகிறவருக்கு இதைவிடத் தோதான துணை எது?

இந்த வாதத்தின் தகவல்களில் பாதி உண்மை. ஃபெரெட் நிறையத் தூங்கும். அது காட்டு விலங்கும் அல்ல. ஐரோப்பியக் காட்டுப் போல்கேட்டிலிருந்து 2,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் பழக்கிய பிராணி அது. முயல் வளைக்குள் புகுந்து முயலை வெளியே விரட்டுவதற்காக வளர்க்கப்பட்டது. மனிதரிடம் ஒட்டிக்கொள்ளும், விளையாடும். இவற்றை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இவற்றிலிருந்து எடுக்கப்படும் முடிவு தவறு. ‘வேலை வைக்காத பிராணி’ என்று நம்பி வாங்குகிறவர் எந்த வேலையையெல்லாம் விட்டுவிடலாம் என்று நினைக்கிறாரோ, அந்த வேலைகளை விடுவதால்தான் ஃபெரெட் சாகிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. அதிகம் தூங்கும் பிராணிக்கு அதிகக் கவனம் வேண்டாமா?

தூக்கக் கணக்கைச் சொல்கிறவர்கள் விழிப்புக் கணக்கைச் சொல்வதில்லை. எஞ்சிய ஆறு முதல் பத்து மணி நேரத்தில் ஃபெரெட் முழு வேகத்தில் இயங்கும். பொந்து கண்ட இடமெல்லாம் நுழைவது அதன் பிறவிக் குணம். அந்தக் குணத்துக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டது. அதன் மண்டையோடு நுழையும் இடத்தில் உடலும் நுழையும். குட்டிக்கும் சிறிய பெண் ஃபெரெட்டுக்கும் ஓர் அங்குல இடைவெளி போதும். ஏசி குழாய்க்காகச் சுவரில் போட்ட துளை, சமையலறை அலமாரியின் அடிப்பக்கம், குளியலறை வடிகால், வாஷிங் மெஷினின் உள்பக்கம் எல்லாம் அதற்கு வளைதான். சாய்வு சோபாவின் இயந்திரத்துக்குள் படுத்திருக்கும்போது யாரேனும் அதை மடக்கினால் நசுங்கிச் சாகும். துணிக்குவியலோடு வாஷிங் மெஷினுக்குள் போய்ச் செத்ததும் உண்டு.

பால்கனிக்கு வலை போட்டிருக்கிறோமே என்பார்கள். பெங்களூரில் வீட்டுக்கு வீடு கட்டுகிற அந்த நைலான் வலை புறாவைத் தடுப்பதற்கானது. ஃபெரெட் அதைக் கடித்துத் துளைக்கும், அல்லது கண்ணி வழியாகவே நழுவும். உயரத்தைக் கணித்துப் பின்வாங்கும் பார்வைக் கூர்மை அதற்கு இல்லை. பன்னிரண்டாவது மாடியில் இதன் பொருள் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஃபெரெட் இருக்கும் வீட்டில் பால்கனிக் கதவு மூடியே இருக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து ரப்பர். இளம் ஃபெரெட் ரப்பரையும் ஸ்பாஞ்சையும் தேடித் தேடிக் கடிக்கும்: செருப்பு வார், ரிமோட் பொத்தான், இயர்போனின் நுனி உறை, குழந்தையின் பொம்மை. விழுங்கிய துண்டு குடலை அடைத்தால் சாப்பாட்டை ஒதுக்கும், பல்லைக் கடிக்கும், வாயை முன்னங்காலால் தேய்க்கும், மலம் மெலியும் அல்லது நிற்கும். அறுவை சிகிச்சை தாமதமானால் பிழைக்காது. மனிதர் சாப்பிடும் ஐபுப்ரோஃபென், பாராசிட்டமால் மாத்திரைகளும் அதற்கு விஷம். கட்டிலடியில் உருண்டுபோன ஒரே மாத்திரை ஓர் உயிரைக் கொல்லலாம்.

‘அப்படியானால் கூண்டிலேயே வைத்துவிடுகிறோம்’ என்பது பதில் அல்ல. கூண்டு தூங்குவதற்கும் ஆளில்லாத நேரத்துக்கும்தான். நாளுக்கு நான்கு மணி நேரமாவது ஆபத்துகளை அகற்றிய அறையில், மனிதர் கண்பார்வையில், அது வெளியே ஓட வேண்டும். பத்து மணி நேரம் வேலை, இரண்டு மணி நேரம் சாலை என்று வாழ்கிறவரிடம் அந்த நான்கு மணி நேரம் இருக்கிறதா? இல்லையென்றால் ‘தோதான துணை’ என்ற சொல் அவரது வசதியைத்தான் குறிக்கிறது, ஃபெரெட்டின் வசதியை அல்ல.

2. ‘எதையாவது தின்னும்’ என்பவர்கள் அதன் குடலைப் பார்த்தார்களா?

ஃபெரெட் முழு ஊனுண்ணி. அதன் குடல் குட்டையானது. நார்ச்சத்தை நொதிக்க வைக்கும் பெருங்குடல்வாய்ப் பை அதற்குக் கிடையாது. உண்டது மூன்று, நான்கு மணி நேரத்தில் வெளியேறிவிடும். அந்தக் குறுகிய நேரத்தில் அதனால் உறிஞ்ச முடிவது இறைச்சிப் புரதத்தையும் கொழுப்பையும்தான். உணவில் புரதம் 30 முதல் 40 சதவீதம், கொழுப்பு ஏறக்குறைய 20 சதவீதம், மாவுச்சத்து மிகக் குறைவு: இதுதான் அதன் தேவை. தயிர்சாதமும் பால்சோறும் பிஸ்கட்டும் வாழைப்பழமும் உலர்திராட்சையும் இதில் எங்கே வருகின்றன?

மலிவான பூனைத் தீவனத்தில் மக்காச்சோளமும் அரிசியும்தான் முன்னால் நிற்கும். பையின் பின்பக்கத்தைப் படித்து, முதல் இடங்களில் இறைச்சி இருக்கும் தரமான பூனைக்குட்டித் தீவனத்தைத் தேர்ந்தால், அதைத் தற்காலிக மாற்றாக ஏற்கலாம். அதோடு கோழி இறைச்சி, ஈரல், இதயம், முட்டை சேர வேண்டும். வேகவைத்த எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். அதைக் கொடுக்கவே கூடாது. இரண்டு வேளைச் சோறு என்ற நம் கணக்கும் செல்லாது. நாள் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாக எட்டு, பத்து முறை தின்னும் பிராணி அது. நீண்ட நேரம் பட்டினி போட்டால் இரத்தச் சர்க்கரை சரியும்.

நடுவயதுக்குப் பிறகு ஃபெரெட்டைத் தாக்கும் நோய்களில் முக்கியமானது கணையக் கட்டி. கட்டி இன்சுலினை அளவுக்கு மீறிச் சுரக்கும். பிராணி ஓரிடத்தை வெறித்துப் பார்த்தபடி நிற்கும், பின்னங்கால்கள் துவளும், எச்சில் ஒழுகும், வலிப்பு வரும். மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுந்த உணவுக்கு இதில் பங்குண்டு என்று பல மருத்துவர்கள் கருதுகிறார்கள். ‘ஒரு திராட்சைதானே’ என்று ஐந்து ஆண்டுகள் ஊட்டியவர் ஆறாவது ஆண்டில் அதன் விலையைத் தருவார்.

வீட்டில் இறைச்சி சேர்ப்பதில்லை என்போருக்கு ஒரு சொல். உங்கள் உணவு உங்கள் உரிமை. ஊனுண்ணியை வாங்கிவந்து அதன்மேல் உங்கள் உணவை ஏற்றுவது கொடுமை. குளிர்பதனப் பெட்டியில் கோழி ஈரல் வைக்க மனம் ஒப்பாத வீட்டுக்கு ஃபெரெட் வரக் கூடாது.

3. பெங்களூரு குளிர்ந்த ஊரா?

யாருக்கு? ஃபெரெட்டின் தோலில் வியர்த்து உடலைக் குளிர்விக்கும் ஏற்பாடு ஏறக்குறைய இல்லை. வெப்பம் 27 டிகிரியைத் தாண்டும்போதே அது தவிக்கத் தொடங்கும். 30ஐத் தாண்டினால் உயிராபத்து. பெங்களூரில் ஏப்ரல் மாதத்தின் சராசரி உச்ச வெப்பமே 34 டிகிரியைத் தொடுகிறது. 2016 ஏப்ரலில் இந்த நகரம் 39.2 டிகிரியைக் கண்டது. 2024 ஏப்ரல் 28 அன்று 38.5 டிகிரி பதிவானது. ‘குளிர்ந்த ஊர்’ என்பது மனிதர் சென்னையோடு ஒப்பிட்டுச் சொல்வது. ஃபெரெட்டின் உடலுக்கு அந்த ஒப்பீடு தெரியாது.

மின்விசிறி போட்டோமே என்றால், விசிறி வியர்வையை உலர்த்தித்தான் நம்மைக் குளிர்விக்கிறது. வியர்க்காத உடலுக்கு அது வெந்த காற்றை வீசும், அவ்வளவுதான். மேல்மாடியில் மேற்குப் பார்த்த கண்ணாடிச் சன்னல், மதியம் மின்சாரம் போகிறது, ஜெனரேட்டர் வருகிறது. பல வளாகங்களில் ஜெனரேட்டர் விளக்கையும் விசிறியையும் ஓட்டும், ஏசியை ஓட்டாது. வீட்டுக்காரர் அலுவலகத்தில் இருக்கிறார். கூண்டு சன்னலோரம் இருக்கிறது. மாலையில் திரும்பும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

மார்ச் முதல் மே வரை செய்ய வேண்டியவை: வீட்டின் மிகக் குளிர்ந்த, வெயில் படாத அறையில் கூண்டு, அறையில் வெப்பமானி, துணி சுற்றிய உறைபனிப் புட்டி, படுக்க வெறும் டைல்ஸ் தரை, கவிழாத கனமான கிண்ணத்தில் தண்ணீர், மின்சாரம் போனால் வந்து பார்க்க ஓர் ஆள். வாய் திறந்து மூச்சிரைத்தால், தட்டையாகச் சரிந்து கிடந்தால், மூக்கும் ஈறும் கடுஞ்சிவப்பானால் அது வெப்பத்தாக்கு. பாதங்களையும் வயிற்றையும் குளிர்ந்த நீரால் நனைத்தபடி உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். பனிக்கட்டி நீரில் முக்கக் கூடாது. தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி வெப்பம் உள்ளேயே அடைபடும்.

4. வெளியே போகாத பிராணிக்குத் தடுப்பூசி எதற்கு?

இதுவே எல்லாவற்றிலும் ஆபத்தான வாதம். டிஸ்டெம்பர் என்னும் தொற்றுநோய் நாய்க்கு வந்தால் பல நாய்கள் பிழைக்கும். தடுப்பூசி போடாத ஃபெரெட்டுக்கு வந்தால் ஏறக்குறைய எதுவும் பிழைப்பதில்லை. கண்ணில் பீளை, தாடையில் சொறி, தடித்துக் கெட்டிப்படும் பாதம், பிறகு வலிப்பு; சில வாரங்களில் மரணம். 1920களில் லண்டன் மில்ஹில் ஆய்வகத்தில் டிஸ்டெம்பரை ஆராய்ந்த லெய்ட்லாவும் டன்கினும் ஃபெரெட்டைத் தேர்ந்ததே, இந்தக் கிருமி அதை அவ்வளவு உறுதியாகத் தாக்கும் என்பதால்தான்.

கிருமி எங்கிருந்து வரும்? பெங்களூரு மாநகராட்சியின் 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தெருநாய்கள் சுமார் 2.79 லட்சம். வளாக நாய்கள் ஏறும் அதே லிஃப்டில்தான் நீங்களும் ஏறுகிறீர்கள். தெருநாய்க்குட்டியைத் தடவிய கையோடும் அது நக்கிய பேண்ட்டோடும் வீட்டுக்குள் வருகிறீர்கள். பிராணி வெளியே போகவில்லை, நீங்கள் போகிறீர்கள். டிஸ்டெம்பரை வெளிநாட்டுக் கதை என்று நினைப்பவர்கள் 2018ஐ நினைவுகூரட்டும். அந்த ஆண்டு கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன. அவற்றில் சிலவற்றில் இந்தக் கிருமி இருப்பதை ஆய்வகம் உறுதிசெய்தது. காட்டின் சிங்கத்தை எட்டும் கிருமி வைட்ஃபீல்டின் ஹோப் ஃபார்ம் சந்திப்பு அடுக்ககத்தை எட்டாதா?

‘அப்படியானால் நாய் ஊசியைப் போட்டுவிடலாம்’ என்பதும் அவசர முடிவு. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் படக்ஸன்ட் ஆய்வு மையத்தில், அழிவின் விளிம்பிலிருந்த கருங்கால் ஃபெரெட்டுகள் ஆறு பிடித்து வைக்கப்பட்டிருந்தன. வளர்ப்பு ஃபெரெட்டுக்குப் பாதுகாப்பானது என்று கருதப்பட்ட உயிருள்ள டிஸ்டெம்பர் ஊசியை அவற்றுக்குப் போட்டார்கள். ஆறில் நான்கு, ஊசியிலிருந்த கிருமியாலேயே இறந்தன. அது வேறு இனம்தான். ஆனால் வலுக்குறைத்த உயிர்க்கிருமி ஊசி ஒரு பிராணிக்குச் சரி என்பதால் அதன் உறவுப் பிராணிக்கும் சரியாகிவிடாது என்பது அங்கே உயிர் கொடுத்துக் கற்ற பாடம். நாய்க்கான கூட்டு ஊசிகள் எல்லாமே ஃபெரெட்டுக்கு ஏற்றவை அல்ல. எந்த ஊசி, எந்த அளவு என்பதை ஃபெரெட்டை அறிந்த மருத்துவர் முடிவுசெய்ய வேண்டும். குட்டிப் பருவத்தில் சில வார இடைவெளியில் தொடர் ஊசி, பிறகு ஆண்டுதோறும் ஒன்று. வெறிநோய் ஊசி தனி. ஊசிக்குப் பின் அரைமணி நேரமாவது மருத்துவமனையிலேயே இருக்க வேண்டும். ஃபெரெட்டுக்குக் கடும் ஒவ்வாமை வருவதுண்டு.

இன்னொரு தொற்று நம்மிடமிருந்தே போகும். 1933இல் அதே மில்ஹில்லில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா மூவரும் மனித இன்ஃப்ளூயன்ஸா கிருமியை ஃபெரெட்டில் ஏற்றித்தான் முதன்முதலாகப் பிரித்தெடுத்தார்கள். நமக்கு வரும் ஃபுளூ அதற்கும் வரும். அதனிடமிருந்து நமக்குத் திரும்பவும் வரும். காய்ச்சலோடு வீடு வந்தவர் முகக்கவசம் போட்டு, கை கழுவி, கூண்டுப் பக்கம் வேறொருவரை அனுப்ப வேண்டும்.

5. ஒற்றைப் பிராணிக்குக் கருத்தடை எதற்கு?

குட்டி போடாமல் இருப்பதற்காக மட்டும் என்று நினைப்பதால் வரும் கேள்வி இது. பெண் ஃபெரெட் இணைசேர்ந்தால்தான் கருமுட்டை வெளிப்படும். சேராவிட்டால் பருவ நிலை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீடிக்கும். உடலில் ஈஸ்ட்ரோஜன் ஏறிக்கொண்டே போய் எலும்பு மச்சையை அழிக்கும். இரத்தம் உற்பத்தியாகாது. ஈறு வெளுக்கும், தோலடியில் இரத்தம் கட்டும், சாகும். தனியாக, பத்திரமாக, செல்லமாக வளர்க்கப்பட்ட பெண் ஃபெரெட் இப்படித்தான் வீட்டுக்குள்ளேயே செத்துப்போகும்.

அறுத்துவிட்டால் முடிந்ததா? அதுவும் இல்லை. மிக இளம் வயதில் கருத்தடை செய்த ஃபெரெட்டுகளுக்குப் பிற்காலத்தில் அட்ரினல் சுரப்பி நோய் அதிகம் வருகிறது. வாலிலிருந்து முடி கொட்டத் தொடங்கும். ஆணுக்குச் சிறுநீர் அடைக்கும். இதனால்தான் அறுவைக்குப் பதிலாக டெஸ்லோரெலின் என்னும் ஹார்மோன் குச்சியைத் தோலடியில் வைக்கும் முறையைப் பல நாடுகளில் மருத்துவர்கள் கையாள்கிறார்கள். எந்த வயதில், எந்த முறை என்பது பிராணியை வாங்கும் முன்பே ஒரு மருத்துவரோடு பேசி முடிக்க வேண்டிய விஷயம்.

6. ஃபெரெட்டின் உடல் நாற்றம் குளியலால் போகுமா?

போகாது, கூடும். அடிக்கடி சோப்புப் போட்டால் தோல் எண்ணெய் போய்விடும். அதை ஈடுகட்டச் சுரப்பிகள் இன்னும் அதிகம் சுரக்கும். சில மாதங்களுக்கு ஒரு குளியல் போதும். படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை துவைப்பதும், மலத்தட்டை அன்றாடம் கழுவுவதும்தான் தீர்வு. மலவாய்ச் சுரப்பியை அறுத்து எடுத்தாலும் தோலின் வாசனை அப்படியே இருக்கும். அந்த வாசனை பிடிக்காதவருக்கு அந்தப் பிராணி வேண்டாம்.

7. பெங்களூரில் மருத்துவருக்கா பஞ்சம்?

நாய்க்கும் பூனைக்கும் பஞ்சமில்லை. ஆனால் நம் கால்நடை மருத்துவப் படிப்பு மாடு, ஆடு, கோழி, நாய் ஆகியவற்றைச் சுற்றி அமைந்தது; அதுவே இந்த நாட்டின் தேவை. ஃபெரெட்டின் கணையக் கட்டியையும் அட்ரினல் நோயையும் பார்த்துக் கைபழகியவர்கள் மிகச் சிலரே. வரவேற்பில் ‘எக்ஸாட்டிக் பார்ப்போம்’ என்று சொன்னால் போதாது. எத்தனை ஃபெரெட்டுக்கு மருத்துவம் செய்திருக்கிறீர்கள், எந்த டிஸ்டெம்பர் ஊசி போடுவீர்கள், இரவில் குடலடைப்பு வந்தால் அறுவை செய்வீர்களா என்று நேராகக் கேளுங்கள். அப்படி ஒருவரைத் தேடி வர்த்தூர் சாலையிலிருந்து ஹெப்பாள் போவதற்குள் பிராணியின் நேரம் முடிந்துவிடலாம். முதலில் மருத்துவர், பிறகு பிராணி. இந்த வரிசையை மாற்றுகிறவர்கள்தான் நள்ளிரவில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள்.

8. பட்டியலில் இல்லை என்பதால் தடையில்லையா?

2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதையொட்டி வந்த 2024ஆம் ஆண்டுப் பதிவு விதிகளும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய சைட்டிஸ் (CITES) ஒப்பந்தப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களுக்கானவை. வளர்ப்பு ஃபெரெட் அந்தப் பட்டியலில் இல்லை. ‘அதனால் எந்தக் காகிதமும் வேண்டாம்’ என்கிறார்கள் விற்பவர்கள். பதிவு வேண்டாம் என்பதும், நாட்டுக்குள் வந்த வழி நேர்மையானது என்பதும் வேறு வேறு. உயிருள்ள பிராணியை இறக்குமதி செய்ய அனுமதி வேண்டும், நலச் சான்று வேண்டும், விலங்குத் தனிமைப்படுத்தல் துறையின் சோதனை வேண்டும். விற்கும் கடை 2018ஆம் ஆண்டுச் செல்லப் பிராணிக் கடை விதிகளின்கீழ் மாநில வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இவற்றைக் காட்ட மறுப்பவரிடம் வாங்குகிறவர், பையில் ஒளித்துக் கடத்தும் வணிகத்துக்குக் காசு கொடுக்கிறவராக இருக்கலாம். அதோடு, ஊசி போட்டதா, எந்த நோயோடு வந்தது என்று எதுவுமே தெரியாத பிராணியை வீட்டுக்குள் கொண்டுவருகிறார்.

‘முடியாவிட்டால் எங்காவது விட்டுவிடலாம்’ என்ற எண்ணம் இதன் கடைசிப் படி. வர்த்தூர் ஏரிக்கரையில் விடப்படும் ஃபெரெட்டுக்குத் தானாக வேட்டையாடிப் பிழைக்கத் தெரியாது. நாய்களிடமோ பசியிடமோ சாகும். ஒருவேளை பிழைத்தால் நிலைமை இன்னும் மோசம். நியூசிலாந்தில் 1880களில் முயலை ஒழிக்க ஃபெரெட்டை இறக்கினார்கள். அது கிவியையும் தரையில் கூடு கட்டும் பறவைகளையும் கொன்று பெருகியது. 2002 முதல் அந்த நாட்டில் ஃபெரெட்டை விற்பதும் இனப்பெருக்கம் செய்வதும் தடை செய்யப்பட்டுள்ளது.

அப்படியென்றால் யாருமே ஃபெரெட் வளர்க்கக் கூடாதா?

ஏற்கெனவே வளர்க்கிறவர்கள் குற்றவாளிகள் அல்ல. அவர்கள் இன்றே செய்யக்கூடியவை மேலே இருக்கின்றன: இறைச்சி உணவு, குளிர்ந்த அறை, சரியான ஊசி, கருத்தடை பற்றிய முடிவு, தினம் நான்கு மணி நேரம், ஆண்டுக்கொரு உடல் பரிசோதனை, நான்கு வயதுக்குமேல் இரத்தச் சர்க்கரைச் சோதனை. இவற்றைச் செய்தால் ஆறேழு ஆண்டுகள் அது நலமாக இருக்கும்.

இன்னும் வாங்காதவர்களுக்கு என் தீர்ப்பு வேறு. உங்கள் வீட்டுக்கு எட்டும் தூரத்தில் ஃபெரெட் அறிந்த மருத்துவர் இல்லையென்றால், கோடை முழுதும் குளிர்ந்த அறை தர முடியாதென்றால், தினம் நான்கு மணி நேரம் இல்லையென்றால், விற்பவர் காகிதம் காட்டவில்லையென்றால் வாங்காதீர்கள். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் வாங்காதீர்கள். துணை வேண்டும் என்ற ஆசை நியாயமானது. அதைத் தீர்க்க வைட்ஃபீல்டின் தெருக்களிலும் காப்பகங்களிலும் ஊசி போட்ட, இந்தச் சூழலுக்குப் பழகிய நாய்களும் பூனைகளும் வீடு கேட்டுக் காத்திருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தத்தெடுங்கள்.